மில் விட்ட பிறகு

(பஞ்சாலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற நூற்புத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



பாட்டு, போட்டோ, சினிமா, விளையாட்டு, நாட்டு நடப்பு என்று ஐந்து தலைப்புகளைச் சீட்டில் எழுதி, இவற்றில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று விழாக் குழுத் தோழர்கள் என்னிடம் கொடுத்தார்கள். ஐந்தையும் பேசினால் விடிந்துவிடும். ஒன்றை மட்டும் பேசினால் மற்ற நான்குக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். யோசித்துப் பார்த்தேன். ஐந்துக்கும் பொதுவாக ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் நேரம். மில் சங்கு ஊதி நாம் வெளியே வந்த பிறகு, தூக்கம் நம்மை அமுக்குவதற்கு முன்னால் மிஞ்சுகிறதே, அந்த நேரம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சினிமாவிலிருந்து தொடங்குகிறேன். உலகத்தில் காசு கொடுத்து ஜனங்கள் பார்த்த முதல் சினிமாக் காட்சிகளில் ஒன்று 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரத்தில் ஒரு காப்பிக் கடையின் கீழ்த்தளத்தில் நடந்தது. லூமியேர் சகோதரர்கள் என்ற பிரெஞ்சு முதலாளிகள் நடத்தினார்கள். அன்றைக்குப் பத்துக் குட்டிப் படங்கள் காட்டினார்கள். அவற்றில் ஒன்றில் என்ன இருந்தது தெரியுமா? ராஜா இல்லை, ராணி இல்லை, சண்டை இல்லை, காதல் இல்லை. லியோன் நகரத்தில் ஒரு தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் படம். ஒரு நிமிஷம்கூட ஓடாது.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்து வேக வேகமாக நடக்கிறார்கள். சைக்கிளில் சிலர். குறுக்கே ஒரு நாய். எல்லோருக்கும் வீட்டு ஞாபகம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம்முடைய மில் கேட்டில் சங்கு ஊதியதும் நாம் வெளியே வருகிற அதே வேகம்தான், நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும். இதையே அவர்கள் மூன்று முறை படம் பிடித்திருக்கிறார்கள். ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது. இன்னொன்றில் இரட்டைக் குதிரை. மற்றொன்றில் குதிரையே இல்லை. அந்தத் தொழிற்சாலை யாருடையது? லூமியேர் குடும்பத்தினுடையதுதான். அங்கே என்ன செய்தார்கள்? போட்டோ எடுக்கிற கண்ணாடித் தகடுகள் செய்தார்கள். அதாவது, படம் எடுக்கும் சரக்கை உற்பத்தி செய்த கைகளே படத்திலும் நடந்து போகின்றன. உள்ளே அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை அந்தப் படம் காட்டவில்லை. கேமரா கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. பெரும்பாலான சினிமா இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கதவுக்கு உள்ளே போன ஒரு கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். லூயி ஹைன் என்று அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1908ல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் கமிட்டி ஒன்றுக்காகக் கேமராவைத் தூக்கினார். தென் மாகாணங்களின் பஞ்சாலைகளுக்குப் போனார். முதலாளிகள் விடுவார்களா? பைபிள் விற்கிறவன் என்பார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்பார். சில இடங்களில் நான் இயந்திரங்களைப் படம் எடுக்க வந்தவன் என்பார். ராட்டினத்தை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்க வைப்பார். பிள்ளையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்துகொள்வார். எத்தனையாவது பொத்தான் வரைக்கும் தலை வருகிறதோ அத்தனை உயரம். பைக்குள் கையை விட்டபடியே, யாரும் பார்க்காமல், பெயரையும் வயதையும் எழுதிக்கொள்வார்.

அந்தப் படங்களைப் புத்தகத்தில் பார்த்தவன் நான். நூற்பு இயந்திர வரிசை கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை ஓடுகிறது. அதன் பக்கத்தில் ஒரு சிறுமி. இயந்திரத்தைப் பார்க்கிறாளா, ஜன்னலைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியாது. பாபின் மாற்றுகிற பையன்கள் எட்டாத உயரத்துக்கு இயந்திரத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்கள், வெறுங்காலோடு. நம்மில் டாபர் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கால் எங்கே வழுக்கும் என்று தெரியும். அமெரிக்க நாடு முழுமைக்கும் குழந்தை உழைப்பைத் தடுக்கிற சட்டம் நிலைத்தது 1938ல். ஹைன் 1940ல் செத்தார், வறுமையில்.

இதைச் சொல்லும்போது நம் ஊர் விஷயம் ஒன்று நெஞ்சில் வந்து நிற்கிறது. சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நம்முடைய மாவட்டங்களின் நூற்பாலைகளில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் வேலை பார், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, தெற்கத்திக் கிராமங்களிலிருந்து விவசாயக் கூலிகளின் பெண்களை அழைத்து வந்தார்கள். கேம்ப் கூலி என்றும் சொன்னார்கள். விடுதி எங்கே? பல இடங்களில் மில் காம்பவுண்டுக்கு உள்ளேயே. அப்படியானால் லூமியேர் எடுத்த படத்தை அங்கே யார் எடுக்க முடியும்? சங்கு ஊதும், ஷிப்ட் மாறும், ஆனால் கேட் திறக்காது, ஏனென்றால் யாரும் வெளியே வருவதில்லை. இயந்திரத்திலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து இயந்திரத்துக்கு. பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்கு மாலைப் பொழுது என்ற ஒன்றே இல்லாமல் மூன்று வருஷம்! கூலி குறைவு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அந்த மாலைப் பொழுதுகளுக்கு என்ன கணக்கு?

பாட்டுக்கு வருகிறேன். இங்கே விவசாயத் தொழிலாளத் தோழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பாட்டில் நீங்கள்தான் எங்களுக்கு அண்ணன்மார், அக்காமார். நடவில் குலவை உண்டு, பாட்டு உண்டு. ஏற்றம் இறைத்த காலத்தில் இறைத்த சாலின் கணக்கே பாட்டாகப் போகும். கம்பரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வழிநடையில் ஏற்றக்காரன் பாட்டு ஒன்றைக் கேட்டாராம். ஓர் அடி பாடியதும் பொழுது சாய்ந்தது. ஏற்றக்காரன் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் கம்பர் இரவெல்லாம் தவித்தாராம். கதை உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. கவிச்சக்கரவர்த்தியே காத்திருந்தாலும் வேலை விட்டால் விட்டதுதான் என்று போனானே அந்த ஏற்றக்காரன்!

எங்கள் மில்லுக்குள் பாட்டு கிடையாது. ஸ்பின்னிங்கில் நின்று பாடினால் பாடுகிறவன் காதுக்கே கேட்காது. உதட்டசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசுவோம். முப்பது வருஷம் அப்படிப் பேசிப் பழகி, வீட்டிலும் கத்திப் பேசுகிறவர்களாகிவிட்டோம். ஆகவே நமக்குப் பாட்டு என்றால் வெளியே வந்த பிறகு கேட்கிற பாட்டு. டீக்கடை ரேடியோவில் பட்டுக்கோட்டையார் பாட்டு வரும்போது கையில் டம்ளரோடு நின்றுவிடுவோம். 1959ல் இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். வயலிலும் உழைத்த மனிதர். அதனால்தான் அவர் சொற்கள் நம் வாயில் தாமாகவே வந்து உட்கார்ந்தன. இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எம்.பி. சீனிவாசன். ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு 1960ல் இசை அமைத்தவர். வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கிய படம். சீனிவாசன் சினிமாவில் வயலினும் தபலாவும் வாசிக்கிறவர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னே நின்றவர். நமக்கு ஷிப்ட், அவர்களுக்குக் கால்ஷீட். நாம் ஓய்வில் கேட்கிற பாட்டு இன்னொருவருடைய வேலை நேரம் என்பது அவர் மறக்காத விஷயம்.

விளையாட்டுக்குப் போவோம். இளைஞர்கள் கால்பந்து பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகலில் ஆட்டம் வைக்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது? பஞ்சாலையிலிருந்து வந்தது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை நிறுத்த வேண்டும். அவர்கள் போய்விட்டால் ஆண்களை மட்டும் வைத்து இயந்திரத்தை ஓட்ட முடியுமா? எல்லோருக்கும் அரை நாள் கிடைத்தது. அந்த அரை நாளில் முளைத்ததுதான் இன்றைக்கு உலகமே பார்க்கிற ஆட்டம்.

பிளாக்பர்ன் என்று லங்காஷயரில் ஒரு பஞ்சாலை ஊர். நம் நெசவாளர் வயிற்றில் அடித்த துணி நெய்த ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனால் நெய்தவன் வயிறும் நிறையவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்த ஊரின் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி 1883ல் இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு லண்டன் போனது. அணியில் நெசவாளிகள், நூற்பாளி, பிளம்பர், இரும்பு வார்ப்புத் தொழிலாளி எல்லாம் உண்டு. எதிரே யார்? ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்கள், முந்தின வருஷம் கோப்பையை வென்றவர்கள். இதுவரை கோப்பை அப்படிப்பட்டவர்கள் கையை விட்டுப் போனதில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்று, கூடுதல் நேரத்துக்குப் போய், இரண்டுக்கு ஒன்று என்று மில்காரர்கள் ஜெயித்தார்கள். வெற்றிக் கோலை அடித்தவர் ஜிம்மி காஸ்ட்லி, நூற்புத் தொழிலாளி! நம்ம டிபார்ட்மெண்ட், தோழர்களே! அவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? ஆட்டத்துக்கு முன்னால் சில நாள் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, பயிற்சி செய்தார்கள். ஓர் இரும்பாலை முதலாளி செலவு ஏற்றார். கனவான்களின் பக்கத்தினர் இதைப் பற்றிக் குறை பேசினார்கள். கனவான்களுக்கு வருஷம் முழுதும் ஓய்வு, அது குறையில்லை. தொழிலாளிக்குச் சில நாள் ஓய்வு கிடைத்தால் அது குறை!

ரக்பி ஆட்டத்திலும் இதே தகராறுதான். சனிக்கிழமை ஆடப் போனால் தொழிலாளிக்கு அரை நாள் கூலி போகும். இழந்த கூலியை ஈடு கட்ட வேண்டும் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. கனவான்கள் மறுத்தார்கள். 1895ல், அந்த முதல் சினிமா வந்த அதே வருஷத்தில், வடக்குக் கிளப்புகள் பிரிந்து தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன.

இனி நாட்டு நடப்பு. நம் தந்தையர் காலத்தில், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை. 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் 48 ஆயிற்று. 2023 ஏப்ரல் 21 அன்று நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்த மசோதா நிறைவேறியது. சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள்.

அப்போது அதற்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்லப்பட்டது. நான்கு நாள் வேலை செய்தால் மூன்று நாள் லீவு கிடைக்குமே, நல்லதுதானே என்று. சில இளைஞர்கள் என்னிடமே கேட்டார்கள். கேட்பது நியாயம், பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலை, போக வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம், மீதியில் குளிக்க, தின்ன, தூங்க. பிள்ளையைத் தூக்கத்தில்தான் பார்ப்பாய். திங்கட்கிழமைச் சாயங்காலத்தை எடுத்து வெள்ளிக்கிழமைக்கு அடுக்கி வைக்க முடியுமா? பந்து விளையாட்டுக்குத் தினம் ஒரு மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஏழு மணி நேரம் ஓடினால் கால்தான் முறியும். பெண்களுக்கோ அந்த மூன்று நாளும் துணி துவைக்கவும் அரிசி புடைக்கவும் போய்விடும். விவசாயத் தோழர்களுக்குச் சங்கே கிடையாது. பொழுது சாய்ந்தால்தான் கரையேற்றம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நீண்ட வேலை நாள் என்றால் என்ன என்று.

அடுத்த மாதம் இந்தப் படிப்பகத்தில் சாப்ளினுடைய ‘மாடர்ன் டைம்ஸ்’ படம் காட்ட ஏற்பாடாகிறது. 1936ல் வந்த படம். சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க, தொழிலாளிக்கு ஊட்டி விடுகிற யந்திரம் ஒன்று அதில் வரும். கக்கூசில் நின்று பீடி குடிக்கிறவனை முதலாளி திரையில் தோன்றி விரட்டுகிற இடமும் உண்டு. மில் மூலைக்கு மூலை கேமரா வைத்திருக்கிற இந்தக் காலத்தில் அது உங்களுக்குச் சிரிப்பாக இருக்குமா என்று பார்க்க எனக்கு ஆசை.

ஒரு விஷயம் பாக்கி. படிப்பகத்தை இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறோம். இரண்டாவது ஷிப்ட் தோழர்கள் இந்தக் கட்டிடத்துக்குள் வந்ததே கிடையாது. அவர்கள் கண்ட நேரமெல்லாம் பூட்டுதான். காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை அவர்களுக்காகத் திறந்து வைத்தால் என்ன? சாவியை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காரியதரிசி சொல்கிறார். திங்கள் முதல் புதன் வரை நான் வைத்துக்கொள்கிறேன். மற்ற மூன்று நாளுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.