கஞ்சாவும் கடவுள் காட்சியும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் கஞ்சாவைப் பற்றியதாகும். அது போலீசாரும் வைத்தியரும் கவனிக்க வேண்டிய காரியமல்லவா, சுயமரியாதைக்காரர்களுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சாராயம் குடித்துவிட்டு வீதியில் விழுந்தவனைக் குடிகாரன் என்கிறோம். கஞ்சா இழுத்துவிட்டுக் கோவில் மண்டபத்தில் விழுந்து கிடப்பவனைச் சாமியார் என்கிறோம், காலில் விழுகிறோம், காசும் போடுகிறோம். போதாக்குறைக்கு அந்தச் செடிக்குச் ‘சிவமூலி’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆகவே இது நம்முடைய வேலையே ஆகும்.

நமக்குத் தெரிந்த ஒருவர் சிவராத்திரிக்குக் காசிக்குப் போனார். அங்கே பாங்கு அரைத்துப் பாலில் கலந்து பிரசாதமென்று கொடுத்தார்கள். ஒரு லோட்டா குடித்தார். அரைமணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. “இவ்வளவுதானா?” என்று இன்னும் இரண்டு லோட்டா குடித்தார். பிறகு நாக்கு வறண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு நிமிஷம் ஒரு யுகமாகத் தோன்றிற்று. யாரோ தம்மைக் கொல்ல வருவதாக அலறினார். கடைசியில் சூலம் தெரிகிறது என்றாராம். கூடப் போனவர்கள் சுவாமி வந்துவிட்டாரென்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்களாம்.

ஊர் திரும்பியதும், “சுவாமி எப்போது வந்தார், எப்போது போனார்?” என்று கேட்டோம். “மூன்றாவது லோட்டாவுக்குப் பிறகு வந்தார், வாந்தியெடுத்துத் தூங்கி எழுந்தபோது போய்விட்டார்” என்றார். தோழர்களே! ஒரு லோட்டாவுக்கு வராமல் மூன்று லோட்டாவுக்கு வருகிற கடவுள் எப்படிப்பட்ட கடவுள்? படி போட்டு அளந்து வரவழைக்கக் கூடியது கடவுளா, அல்லது மருந்தின் வேகமா? யோசித்துப் பாருங்கள்.

இதன் உண்மை என்ன? அந்தச் செடியில் போதை தரும் வஸ்துவை 1964ம் வருஷத்தில் இஸ்ரேல் தேசத்து மெச்சூலம், காவோனி என்ற இரு விஞ்ஞானிகள் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு டி.எச்.சி. என்று பெயர். அந்தச் சாவி பொருந்தும் பூட்டு நம் மூளையிலேயே இருப்பது 1988ல் தெரிந்தது. ஞாபகம், பயம், கால உணர்ச்சி, கைகால் அசைவு இவற்றை நடத்தும் பாகங்களில் அந்தப் பூட்டுகள் நிறைய இருக்கின்றன. சாவி அளவுக்கு மீறிப் புகுந்தால் அவை யாவும் தாறுமாறாகின்றன. பயத்தின் பாகம் கலங்கியவனுக்குப் பேய் தெரிகிறது. பக்தனுக்குச் சூலம் தெரிகிறது. அவனவன் மண்டையில் முன்பே எதை ஏற்றியிருக்கிறார்களோ, அதுதான் அவனவனுக்குத் தெரியும்.

புகைத்தால் சில நிமிஷங்களில் ஏறும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். தின்றாலும் குடித்தாலும் வேறு கதை. வயிற்றில் இறங்கி, ஈரலில் இன்னும் வலுவான வஸ்துவாக மாறி, மூளைக்குப் போக அரைமணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று மேலும் மேலும் போடுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு ஆறு, எட்டு, பன்னிரண்டு மணி நேரம்கூட விடாது. காசிக்காரருக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாக் கஞ்சாவும் ஒரே வலுவுள்ளதல்ல. அமெரிக்காவில் போலீசார் கைப்பற்றிய சரக்கைச் சோதித்ததில், 1995ல் நூற்றுக்குச் சுமார் 4 பங்காக இருந்த டி.எச்.சி., 2014ல் சுமார் 12 பங்காகிவிட்டது. “எங்கள் பாட்டன் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை” என்பவர், பாட்டன் குடித்த சரக்கும் பேரன் குடிக்கும் சரக்கும் ஒன்றல்ல என்பதை அறிய வேண்டும்.

நாம் மிகைப்படுத்திப் பேச வரவில்லை. பொய்யைச் சொல்லிப் பயமுறுத்துவது புரோகிதன் தொழில், நம் தொழிலல்ல. 1893ல் இந்திய சர்க்கார் ஒரு கமிஷன் வைத்து, ஏறக்குறைய 1,200 சாட்சிகளை விசாரித்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் புத்தகங்களில் காரணம் தெரியாதபோதெல்லாம் ‘கஞ்சா’ என்று எழுதி வைத்திருந்ததையும் அது கண்டுபிடித்தது. மிதமாக உபயோகிப்பவர்களுக்குப் பெரும் கெடுதியில்லை, அளவு மீறினால் உடலுக்கும் புத்திக்கும் கேடு, பலவீனமான மனமும் பரம்பரைக் கோளாறும் உள்ளவர்களுக்குப் பைத்தியமும் பிடிக்கலாம் என்று 1894ல் அறிக்கை எழுதியது. பிந்தி வந்த ஆராய்ச்சிகள் அந்தக் கடைசி இரண்டையும் பலப்படுத்தியிருக்கின்றன. 2019ல் வெளியான ஐரோப்பிய, பிரேசில் ஆராய்ச்சியொன்றில், வலுவான சரக்கைத் தினமும் உபயோகிப்பவர்களுக்குச் சித்தக்கோளாறு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று தெரிந்தது. இருதய நோயாளிக்கோ வேறொரு ஆபத்து: புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு பயம் பல மடங்கு ஏறுவதாக 2001ல் கண்டார்கள். அபினைப் போல இது பெரியவர்களின் மூச்சை நிறுத்துவது அரிது என்பதும் உண்மையே. ஆனால் பெரியவர்கள் மிட்டாய் போல் வைத்திருந்ததைத் தின்ற குழந்தைகள் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள்.

இனி, முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம். ஒரு பையன் அளவு மீறிப் போட்டு, காதில் குரல் கேட்கிறது என்கிறான். தகப்பனே விஷம் வைக்கிறான் என்கிறான். வீட்டார் என்ன செய்கிறார்கள்? பேய் என்று மந்திரவாதியிடம் போகிறார்கள், வேப்பிலையால் அடிக்கிறார்கள், கோவிலிலும் தர்காவிலும் கட்டிப் போடுகிறார்கள். 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? தர்காவை நம்பிக் கொண்டுவந்து கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள், தீப்பற்றியபோது ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்கள் கஞ்சாக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. நோயை நோயென்று பாராமல் தெய்வத்தின் வாசலில் கட்டிப் போட்டதன் பலன் அது என்கின்றோம். எந்த மதத்தின் வாசலானாலும் சங்கிலி சங்கிலிதான், நெருப்பு நெருப்புதான்.

ஆகையால், ஒருவனுக்கு அளவு மீறிவிட்டால் கூச்சலில்லாத இடத்தில் உட்கார வையுங்கள். “இது மருந்தின் வேகம், இறங்கிவிடும்” என்று தைரியம் சொல்லுங்கள். தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ, நினைவு தப்பினாலோ, குழந்தை தின்றுவிட்டாலோ, 108க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன தின்றான் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். இரண்டொரு நாளில் புத்தி தெளியாவிட்டால் மனநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மானம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். மகன் போன பிறகு மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாலிபத் தோழர்களே! மனிதனுக்கு இருக்கும் ஒரே பெருமை பகுத்தறிவு. அதைப் புராணத்திடம் அடகு வைக்காதே என்று இத்தனை நாளாக நாம் சொல்லி வந்தோம். புகையிடமும் அடகு வைக்காதே என்று இன்று சொல்லுகின்றோம். இரண்டு கடையிலும் வட்டி ஒன்றுதான்.