கடலுக்காக வழக்காடுவது யார்?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பாண்டிருப்புக் கடலை நம்பி வாழ்பவர்கள் நாம். 2004இல் அதன் சீற்றத்தைக் கண்டோம். ஒலுவில் துறைமுகம் அமைந்தபின் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்ததையும் கண்டோம். புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர உயரக் கரை இன்னும் ஒடுங்கும். அப்போது தோணி ஏற்றவும் இடமிராது, ஆமை முட்டையிடவும் மணலிராது. பேராமை, அழுங்காமை உட்பட இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகை ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆனால் ஆமை மனுப் போடாது. அதற்காக யார் பேசுவது?

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர்களும் சூழல் அமைப்பினரும் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் உயர் நீதிமன்றம் சென்றனர். 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்ததைக் கவனத்திற்கொண்ட நீதிமன்றம், 2025 ஜூலை 24இல், 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.

அதற்கு முதல் நாள்தான், காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டக் கடமை என்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. அந்த முயற்சியை 2019இல் தொடக்கிவைத்தவர்கள் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள். எம் மாணவிகள் இதை மனதில் இருத்த வேண்டும்.

எம் மொழி பேசும் மண்ணிலும் சான்றுண்டு. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கைப்படி 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் நிறுவனம் பணம் செலுத்த மறுத்தது. இறந்த ஆமையை எந்த டொலரும் மீட்காது. ஆயினும் கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் தீர்ப்பே பிறக்காது.

அதனால் சில விடயங்களை நாம் அறிந்திருக்க வேண்டும். அரச நிர்வாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் மனுச் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதற்குக் கல்முனையிலேயே அலுவலகமுண்டு. குப்பை, கழிவு போன்ற பொதுத் தொல்லைகளை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கும் உண்டு. கொழும்புவரை போகாமலே தீரக்கூடியவையும் உள்ளன.

நீதிமன்றம் கேட்பது சான்று. எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். கரை எவ்வளவு உள்வாங்கியது, எந்த நாளில் என்ன ஒதுங்கியது, யாருக்குக் கடிதம் எழுதினோம், என்ன பதில் வந்தது என்பவற்றைத் திகதியோடும் படத்தோடும் பதிந்து வைக்கும் பதிவேடு ஒன்றைத் தொடங்குவோம். மாணவிகள் எழுதட்டும், சட்டம் படித்த எம் சகோதரிகள் வழிகாட்டட்டும்.

இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது எம் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை. நூறாண்டுகளாக இப்பள்ளி பெண்களுக்கு எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்து இனி எம் கரைக்கும் பயன்படட்டும்.