கூலி கேட்பவன் வாய் திறக்கலாமா?

(மன்னாரில் ஆற்றிய உரை)



வேலையை விட்டு விலகியபின்னும் வரவேண்டிய சம்பளம் வராதபோது, பழைய முதலாளியின் பெயரைச் சந்தியில் நின்று சொல்லலாமா என்று நம்மிடம் பலர் கேட்கின்றனர். மீன் பதனிடும் இடத்தில் நின்றவர் கேட்கிறார். கடையில் கணக்கெழுதியவர் கேட்கிறார். சொல்லலாம். ஆனால் அதற்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு.

இக்கேள்வி மன்னார்க் கரைக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி வந்த தோட்டத் தொழிலாளர் இக்கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். மலையேறியவர்களை ஆண்டது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வேலையை விட்டு ஓடுவது மட்டுமன்று, துரைமுன் துடுக்காகப் பேசுவதும் அதன்படி குற்றம். சிறையும் உண்டு, நிலுவைக் கூலியும் பறிபோகலாம். கூலி கேட்ட வாயே கூலியைத் தின்றது! 1921இல்தான் அச்சிறைத் தண்டனை ஒழிந்தது.

தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் றெலுகாஸ் தோட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பிறேஸ்கேடில் என்னும் வெள்ளைக்கார இளைஞர், 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்த மாதமே அவரை நாடுகடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். கட்டளை செல்லாதென்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் அவருக்குப் பின்னால் ஒரு கட்சியும் கைதேர்ந்த வழக்கறிஞரும் நின்றனர். தனியே சந்தியில் நிற்கும் நம் கணக்கெழுத்தாளருக்கு யார் துணை?

அவதூறைக் குற்றமாக்கிய பிரிவு 2002இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது உண்மையே. மானநஷ்ட வழக்கு நீங்கவில்லை. "உண்மையைத்தானே சொன்னேன்" என்றால் மட்டும் போதாது. நம் நாட்டில் வழங்கும் உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, சொன்னது பொதுநலனுக்கானது என்றும் காட்டவேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்பதைச் சம்பளச் சிட்டையால் நிறுவலாம். "கள்வன்" என்பதை எதைக் காட்டி நிறுவுவீர்கள்?

காலமும் முதலாளி பக்கமே. மானநஷ்ட வழக்குத் தொடர அவருக்கு இரண்டு ஆண்டு உண்டு. தொழில் நியாய சபைக்கு நாம் போக, வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதமே! ஏசித் திரிபவருக்கு ஆறு மாதம் போவது தெரியாது.

ஆகவே முதலில் எழுத்து. வன்மமின்றித் தொழில் திணைக்களத்துக்கு எழுதும் முறைப்பாட்டுக்குச் சட்டம் காப்பளிக்கிறது. சந்திப் பேச்சுக்கு அக்காப்பு இல்லை. சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் கட்டவேண்டும். பிந்தினால் 50 சதவீதம்வரை மேலதிகம் உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் 5 ஆண்டு நின்றவருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் பணிக்கொடை கொடுக்கவேண்டும். இவை பிச்சையல்ல. முறைப்பாடு பதிவானபின் பேசுங்கள். சங்கமாகச் சேர்ந்து பேசுங்கள். தொகை, மாதம், திகதி இவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

கட்டுக்கரைக் குளத்தின்கீழ் வயல் செய்யும் பெரியோர்களே, இது நமக்கன்று என எழுந்து போய்விடாதீர்கள். அறுவடைக்கு ஆள் வைத்து, நெல் விற்றபின் கூலி என்று நாள் கடத்துவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர்.

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கூற்று எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஒன்றும் இல்லாதவர், உடன் வேலை செய்த ஒருவரைக் கூட்டிவாருங்கள். முறைப்பாட்டை உடனிருந்து எழுதித் தருவோம். அதற்கு நாம் பணம் வாங்குவதில்லை.