‘மற்றும் பேண்டு வாத்தியம்’

தலைவர் அவர்களே, மேடையில சால்வை போட்ட பிறகும் நடுங்கிக்கிட்டிருக்கிற பெரியவர்களே, சால்வை இல்லாமலே எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற கொடைக்கானல் மூஞ்சிக்கல், நாயுடுபுரம், செண்பகனூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மலையும் இலக்கியமும்’. நல்ல தலைப்பு. அதை அடுத்து வர்ற புலவர் பார்த்துக்குவார். நான் வேற பேசப்போறேன். கூட்டம் ஆரம்பிக்கும் முன்னே வாசல்ல பேண்டு வாசிச்சாங்களே, கேட்டீங்களா? அவங்க இப்ப எங்கே? ஜெனரேட்டர் பக்கத்துல, புகையில நிக்கிறாங்க. ஏப்பா, உள்ளே வாங்கப்பா. முதல் வரிசையில முக்கியப் பிரமுகர்களுக்குப் போட்ட நாற்காலி நாலு காலியாத்தான் கிடக்கு. முக்கியப் பிரமுகர் இனி வரமாட்டார், குளிர் அதிகம்.

கை தட்டுறீங்க, சந்தோஷம். அழைப்பிதழைக் கையில எடுங்க. வரவேற்புரைக்குப் பேர் இருக்கு. நன்றியுரைக்குப் பேர் இருக்கு. மைக் செட்டுக்காரர் பேரு போன் நம்பரோட இருக்கு. கடைசி வரி? ‘மற்றும் பேண்டு வாத்தியம்’. எந்தத் திருவிழா நோட்டீஸை எடுத்தாலும் இதே வரிதான். பதினஞ்சு பதினாறு பேரை ஒரு ‘மற்றும்’ல அடைச்சுப் போட்டாச்சு!

யாரு அவங்க? ஏரியைச் சுத்தி குதிரை ஓட்டுறவர் ஒருத்தர், கிளாரினெட். ஓட்டல் சமையல்காரர், டிரம்போன். வத்தலக்குண்டு பஸ் டிரைவர், சைடு டிரம். கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்குல தாளம் போட்டுக்கிட்டே வண்டி ஓட்டுவார்னு கண்டக்டர் சொல்லிட்டார். அன்னையிலிருந்து அந்த பஸ்ல நான் ஏறுறதில்லை. சாக்லேட் கடையில பொட்டலம் மடிக்கிற பொண்ணு ஒண்ணு, போன வருஷம்தான் டிரம்பட் பிடிச்சா. கன்னத்தை உப்பினா சத்தம் வராது, உதட்டை இறுக்கி அதிர வைக்கணும். உதடு வீங்கி, வீட்டுல திட்டு வாங்கி, இப்ப அவதான் முன்வரிசை. ஏப்ரல், மே சீசன்ல இவங்களைத் தேடிப் பிடிக்க முடியாது. பிரையண்ட் பூங்காவுல மலர்க் கண்காட்சி, ஊரெல்லாம் டூரிஸ்ட், எல்லாருக்கும் ரெட்டை வேலை. ஜூன்ல மழை வந்தாத்தான் பயிற்சியும் வரும்.

இன்னொருத்தர் இருக்கார். பேர் சொல்லமாட்டேன். சொன்னா நாளைக்கு என் வீட்டுக்கு வந்து சண்டை போடுவார். மன்னவனூர்ப் பக்கம் கேரட் மூட்டை தூக்குறவர். வாசிக்கிறது யூஃபோனியம். பாட்டு ஊதுறது கிளாரினெட்டும் டிரம்பட்டும். இவர் ஊதுறது அடியில போற சுரம். அவர் ஊதும்போது நீங்க கவனிக்க மாட்டீங்க. அவர் நிறுத்தினாத்தான் ஏதோ குறையுதேன்னு திரும்பிப் பார்ப்பீங்க.

தை மாசம் விடியக்காலம் அவரைப் பார்க்கணும். புல்லு மேல உறைபனி உப்பு மாதிரிக் கிடக்கும். மவுத்பீஸைக் கழற்றி ஸ்வெட்டருக்குள்ள, அக்குளில வச்சிருப்பார். வாத்தியத்தைக் கம்பளிக்குள்ள கட்டிப்பிடிச்சு, சத்தமே வராம வெறும் மூச்சை ஊதிக்கிட்டிருப்பார். எதுக்கு? குளிர்க் காத்துல ஒலி மெதுவாப் போகும். குழலுக்குள்ள இருக்கிற காத்து பத்து டிகிரி குளிர்ந்தா சுருதி அரைச்சுரத்துல மூணுல ஒரு பங்கு இறங்கிடும். கோயில்ல வச்சிருக்கிற கீபோர்டு இறங்காது. அது கரண்டுல ஓடுது, இவர் மூச்சுல ஓடுறார். சேர்ந்து வாசிச்சா அபசுரம் யார் தலையில விழும்? அதுக்குத்தான் முன்கூட்டியே மூச்சை ஊதிச் சூடேத்துறார். வாசிச்சு முடிச்சுக் கீழே ஒரு சாவியை அழுத்தித் தண்ணியை வடிப்பாங்க பாருங்க, எச்சில்னு முகம் சுளிக்காதீங்கம்மா. பெரும்பாலும் மூச்சு குளிர்ந்து நீரானது.

சிரிக்காதீங்க, ஒரு கதை சொல்றேன். ஒரு வருஷம் கீழ்நாட்டுலேருந்து பெரிய கோஷ்டி ஒண்ணைக் கூப்பிட்டாங்க. சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, தலையில குஞ்சம். நம்ம ஆளுங்க ஓரமா நின்னு கும்பிடு போட்டாங்க. வந்தவங்க வால்வுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கிட்டு வந்திருக்காங்க! வத்தலக்குண்டுல ஓடுச்சு. பெருமாள்மலை தாண்டினதும் உறைஞ்சுபோச்சு. ஏழாயிரம் அடி உயரமய்யா! நம்ம வீட்டுல எண்ணெய் பாட்டிலை வெயில்ல வச்சு எடுக்குறோம், அவங்களுக்கு எப்படித் தெரியும்? தேர் கிளம்பப் போகுது, ஒரு வால்வும் இறங்கலை. யாரு காப்பாத்தினது? நம்ம யூஃபோனியக்காரர். பக்கத்துத் தையல் கடைக் கதவைத் தட்டி மிஷின் எண்ணெய் வாங்கி, ஒவ்வொரு வால்வையும் கழற்றித் துடைச்சு மாட்டிக் கொடுத்தார். அவங்க ஊதினாங்க, பணம் வாங்கினாங்க, மாலை வாங்கினாங்க. இவர் கைக்குட்டையில கையைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனார். இவரை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிடலை.

எதிர்மேடையில ஒரு நண்பர் பேசினாராம். நான் பேரைச் சொல்லமாட்டேன், அவர் பேரு நோட்டீஸ்ல பெரிசாவே இருக்கும். ‘பேண்டு நம்ம பாரம்பரியம் இல்லை, வெள்ளைக்காரன் மிச்சம்’னு சொன்னாராம். அப்படியா? முத்துசாமி தீட்சிதர் யாரு, வெள்ளைக்காரரா? மணலியில இருந்த காலத்துல சென்னைக் கோட்டையில பேண்டு வாசிச்சதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் கட்டினார். நாப்பதுக்குப் பக்கமா இருக்கு. நோட்டு சுரம்னு இன்னைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க. இங்கிலீஷ்காரனோட தேசியகீத மெட்டே அதுல அம்பாளைப் பாடுது! அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் வயலினைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர். வயலினை வெளியே போடுவீங்களா? தஞ்சாவூர்ல சரபோஜி அரண்மனையில மேல்நாட்டு பேண்டு இருந்துச்சு. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டுல ராகம் வாசிச்சு 2022ல பத்மஸ்ரீ வாங்கினார். இவ்வளவும் நடந்த பிறகு மிச்சமாம்! யாரோட மிச்சம்?

இப்படிப் பாரம்பரியம் பேசின அதே நண்பர் வீட்டு விசேஷத்துக்கு என்ன வச்சார்? செண்டை மேளம்! ஆமாய்யா, லாரியில வந்து இறங்குச்சு. செண்டைக்கு நான் விரோதி இல்லை. அது பெரிய கலை, அதோட மண்ணுல அது ராஜா. ஆனா மூஞ்சிக்கல் பேண்டு பாரம்பரியம் இல்லைன்னு சொன்ன வாய், எல்லை தாண்டி ஆள் கூப்பிடும்போது எங்கே போச்சு? இதுல டி.ஜே. வேற. பெட்டியைத் திறந்து ஒரு பட்டனை அமுக்குறதுக்கு எங்க பேண்டுக்கு மொத்தமாக் கொடுக்கிறதைவிட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன், சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. அந்த யூஃபோனியக்காரர் மகளுக்குக் கல்யாணம். முப்பது வருஷமா இந்த ஊர் மாப்பிள்ளைகளை முன்னால நடந்து அழைச்சுக்கிட்டு வந்த மனுஷன். சம்பந்தி வீட்டுல ‘பேண்டு வேண்டாம், செண்டைதான் கௌரவம்’னு சொல்லிட்டாங்க. பெண்ணைப் பெத்தவர், என்ன பேசுவார்? சரின்னுட்டார். புதுச்சட்டை போட்டு வாசல்ல நின்னு எல்லாரையும் ‘வாங்க, வாங்க’ன்னார். நான் பக்கத்துல நின்னேன். வலது கை மூணு விரலும் வேட்டி மேல மாறி மாறி அமுங்கிக்கிட்டே இருந்துச்சு. மூணு வால்வு. செண்டை அந்தப் பக்கம் அதிருது, இவர் இந்தப் பக்கம் அவர் பாட்டை அவர் வாசிச்சுக்கிட்டிருக்கார்.

கௌரவம்னு சொன்னாங்களே, இதைக் கேளுங்க. 2025 மார்ச் 8, லண்டன். நம்ம மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்குல பண்ணைப்புரத்துப் பிள்ளை இளையராஜா தன் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக்கை வச்சு அரங்கேத்தினார். அங்கேயும் டிரம்பட் இருந்துச்சு, டிரம்போன் இருந்துச்சு. நாமெல்லாம் நெஞ்சை நிமித்தினோம். லண்டன்ல பித்தளையை ஊதினா பெருமை, மூஞ்சிக்கல்ல ஊதினா ‘பேண்டு செட்டுக்காரன்’! அதே இங்கிலாந்துல கிரைம்தார்ப்னு ஒரு நிலக்கரி ஊர். 1917ல சுரங்கத் தொழிலாளிகள் தொடங்கின பேண்டு. 1993ல சுரங்கத்தை மூடிட்டாங்க. பேண்டை மூட விடலை அந்த ஜனங்க. வேலை போன ஊர் அது, அவங்களால முடிஞ்சுது.

மணி அடிக்கிறார் தலைவர். முடிச்சிடறேன் ஐயா.

ஆகஸ்ட் 15 வருது. காலையில கொடியேத்தம், அன்னைக்கே சலேத் மாதா திருவிழா. ரெண்டுக்கும் இதே பேண்டுதான். பூம்பாறை குழந்தை வேலப்பர் தேருக்கும் இதே டிரம்தான். சாமிக்குச் சாமி அவங்க ஆளை மாத்தினதில்லை. விழாக் கமிட்டிக்காரங்க நாலஞ்சு பேர் இங்கேயே இருக்கீங்க, முகத்தைத் திருப்பிக்காதீங்க. எனக்கு வேண்டியது ரெண்டுதான். மழைக்காலத்துல சாயங்காலம் பயிற்சி பண்ண, ஒழுகாத கூரையோட ஒரு ரூம், பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ. அப்புறம் அந்த நோட்டீஸ். ‘மற்றும்’ வேண்டாம். அத்தனை பேரையும் வரிசையா, எந்த வாத்தியம்னு போட்டு அச்சடிங்க. இடம் பத்தலைன்னா என் பேரை எடுத்துடுங்க, சம்மதம். யூஃபோனியத்துக்கு நேரா எந்தப் பேரைப் போடணும்னு கமிட்டிக்கு மட்டும் காதுல சொல்றேன்.