ஊசியின்றி ஈரலை அறிதல்



நம் உறுப்புகளுள் பொறுமை மிக்கது கல்லீரல். மது, ஈரலழற்சிக் கிருமிகள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் வந்து சேரும் கொழுப்பு ஆகியவற்றால் புண்படுந்தோறும் அது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்கிறது. புண் ஓயாது தொடருமாயின் அங்கே நார்த்தழும்பு படிகிறது. அதன் வளர்ச்சியை மருத்துவர் சுழி முதல் நான்கு வரை படிகளாக வகுப்பர். நான்காம் படியே சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுக்கம். அதுவரை பெரும்பாலும் வலியில்லை. இதுவே இந்நோயின் வஞ்சம்.

ஈரலில் ஊசி செலுத்தித் துணுக்கெடுத்துச் சோதிப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. அத்துணுக்கோ ஈரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. ஒரு பருக்கையால் சோற்றைப் பதம் காணலாம். தழும்போ எங்கும் ஒரே சீராகப் படிவதில்லை.

2006-இல் வெளியான ‘ஃபிப்-4’ என்னும் கணக்கிற்கு எளிய இரத்தப் பரிசோதனையே போதும். ஐம்பது வயதினர் ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 36, தட்டணுக்கள் இரண்டு லட்சம் என்று கொள்வோம். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கினால் 2,000. தட்டணுக்களை ஆயிரக்கணக்கில் 200 எனக் கொண்டு, 36-இன் வர்க்கமூலமாகிய ஆறால் பெருக்கினால் 1,200. முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது 1.67. இவ்வெண் 1.3-க்குக் கீழாயின் கடுந்தழும்பு இருத்தல் அரிது, 2.67-க்கு மேலாயின் ஐயம் வலுக்கும். நம் நண்பரோ இடையில் நிற்கிறார். தனித்தனியே பார்த்தால் குறையெதுவும் காட்டாத எண்கள், ஒன்றுகூடியபோது ஒரு வினாவை எழுப்புகின்றன!

அவ்வினாவிற்கு விடை தேடுவது ஃபைப்ரோஸ்கேன் கருவி. காயையும் கனியையும் விரலால் அழுத்தி அறிகிறோமன்றோ? அதுபோல, வலப்புற விலா இடுக்கில் மெல்லத் தட்டி, அவ்வதிர்வு ஈரலில் செல்லும் வேகத்தைக் கேளா ஒலியால் இக்கருவி அளக்கிறது. இறுகிய ஈரலில் அதிர்வு விரைந்தோடும். 8 கிலோபாஸ்கலுக்குக் குறைவாயின் பொதுவாக ஆறுதல். 12-க்கு மேலாயின் கவனம் தேவை. சோதனைக்கு முன் மூன்று மணி நேரம் உணவு கூடாது.

இவை முடிந்த தீர்ப்புகள் அல்ல. டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைவதால் கணக்குப் பிழைபடும். அறுபத்தைந்தைக் கடந்தோர்க்குக் கீழ்வரம்பு 2 ஆகும். ஐயம் தீராவிடில் ஊசிச் சோதனை இன்றும் தேவைப்படலாம்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நமக்கு மருத்துவரும் மாறிக்கொண்டே இருப்பர். ஆதலின் பழைய பரிசோதனைத் தாள்களை எறியாது காப்போம்; புதிய மருத்துவரிடம் அவற்றைக் காட்டி, “ஈரலின் நிலை என்ன?” என வினவுவோம். தழும்பு முதிருமுன் கண்டு காரணத்தை நீக்கினால், ஈரல் பெரிதும் தேறக்கூடும்.