குண்டைக் கடித்தல்



ஆங்கிலத்திலே ‘குண்டைக் கடி’ என்றொரு மரபுத்தொடர் வழங்குகின்றது. தவிர்க்க இயலாத துன்பத்தை வாய்திறவாது தாங்குக என்பது அதன் பொருள். ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறு’ என்று நாம் சொல்வோம். ஆங்கிலேயரின் பற்களிடையே துப்பாக்கிக் குண்டு வந்தது எவ்வாறு?

மயக்கமருந்து இல்லாத காலத்திலே, சத்திரசிகிச்சைக்கு உள்ளான போர்வீரன் வேதனையை அடக்க ஈயக்குண்டைக் கடித்தான் என்பர் பலர். பழைய எழுத்துச் சான்றோ வேறொன்றைக் காட்டுகின்றது. பிரான்சிஸ் குரோஸ் என்பாரின் கொச்சைமொழி அகராதி, 1796 ஆம் ஆண்டுப் பதிப்பிலே, கசையடி பெற்ற படைவீரர் அலறாதிருக்கக் குண்டை மென்றனர் என்கின்றது. அலறியவனை ‘நைட்டிங்கேல்’ என்னும் பாடும் பறவையின் பெயரால் எள்ளினராம். 1891 இல் வெளிவந்த கிப்ளிங்கின் நாவலிலே, பார்வையிழந்த ஓவியனுக்கு நண்பன் கூறும் தேறுதலாக இத்தொடர் உயர்வு பெற்றது.

1846 ஒக்டோபர் 16 ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்க, அவர் கழுத்திலிருந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. குண்டைக் கடிக்கும் தேவை அன்றோடு ஒழிந்திருத்தல் வேண்டும். ஆனால் ஒழியவில்லை.

வன்னியில் வாழும் எமக்கு இத்தொடரின் பொருளறிய அகராதி வேண்டுவதில்லை. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்கமருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. அந்நிலையிலேயே அரச வைத்தியர்கள் காயமுற்றோருக்குச் சத்திரசிகிச்சை செய்தனர். அங்கே வலியைத் தாங்கியோர் அதனைத் தாமே தேர்ந்தவரல்லர்.

ஆகவே, பொறுமையைப் போற்றுமுன் ஒன்றை ஆராய்தல் நன்று. அலறாது நின்ற வீரனின் உறுதியைக் குண்டு காட்டும். கசை நியாயமானது என்று காட்டாது. வாய்திறவாமை வலியின்மையும் அன்று.

2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். கண்டதைப் பேசாத பெற்றோர் பலர். அம்மௌனத்தின் காரணம் அறியாத பிள்ளை, தன் மீதுள்ள சினமோ என மயங்குதலும் கூடும். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ எனக் கற்பிக்கும் நாம், ‘உனக்கு எங்கே நோகின்றது?’ என வினவவும் கற்றல் வேண்டும். பிள்ளையிடம் மட்டுமன்று, பெற்றோரிடமும் முதியோரிடமும் அவ்வாறே வினவுதல் வேண்டும்.

கடித்த குண்டை என்றேனும் ஒருநாள் உமிழத்தான் வேண்டும். செவிகொடுப்பார் ஒருவர் அருகில் இருந்தாலன்றி அது எளிதன்று.