உண்மையும் அன்பும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கிறித்தவ வாழ்வில் உண்மையை அன்போடு உரைப்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றனர். நான் மறையுரையாளன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆயினும் கல்விக் கழகத்தின் மேடைக்கு இது மிகவும் பொருத்தமான பொருளே. கல்வி நமக்கு எழுத்தை மட்டும் தரவில்லை, வாயையும் தந்தது. ஊர்த் தெருவில் உரத்துப் பேசவும் உரிமையற்றிருந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று ஒலிபெருக்கியின் முன் நிற்கின்றனர். கிடைத்த வாயை எதற்காக, எவ்வாறு பயன்படுத்துவது என்பதே நம் முன்னுள்ள வினா.

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். பவுல் அப்போஸ்தலரோ எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் உண்மையையும் அன்பையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார். கொலோசெயருக்கு எழுதும்போது பேச்சுக்கு உப்பை உவமை காட்டுகிறார். சர்க்கரையைக் காட்டவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். உப்பு சுவை கூட்டும், அழுகாமல் காக்கும், புண்ணிற் பட்டால் எரியவும் செய்யும். ஆகவே, அன்போடு பேசுவது என்பது எரியாமற் பேசுவது அன்று. கேட்பவன் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு பேசுவதாகும்.

இதற்கு வேதத்திலிருந்து மூன்று சான்றுகள் கூறுவேன்.

முதலாவது, நாத்தான் தீர்க்கதரிசி. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் மடியச் செய்த தாவீது மன்னனிடம் அவர் சென்றார். எடுத்த எடுப்பில் குற்றஞ்சாட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். மன்னன் சினந்து அச்செல்வனுக்குத் தீர்ப்புக் கூறியபின்னரே, அச்செல்வன் நீரே என்று உணர்த்தினார். கேட்பவனின் மனச்சான்றை விழிக்கச் செய்யும் வழியை அவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தார்.

இரண்டாவது, மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனைத் தனியே கண்டு பேசு என்கிறார் இயேசு பெருமான். நாமோ அவனைத் தவிர ஊரார் அனைவரிடமும் பேசிவிடுகிறோம்!

மூன்றாவது, கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுவந்த பேதுரு, சிலருக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அதனை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். ஏன் தனியே பேசவில்லை? அந்த விலகலால் அவமானப்பட்டவர்கள் பலர். அவமானம் நேர்ந்ததும் பொதுப் பந்தியில். பந்தியில் செய்த பிழையைப் பந்தியிலேதான் திருத்தவேண்டும்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தனிக் கல்லறை, தனி வரிசை, திருவிழாவில் பங்கு மறுப்பு ஆகியவற்றைக் குறித்து நம் இளைஞர் வாய்திறந்தால், 'கிறித்தவன் சாந்தமாய் இருக்கவேண்டும்' என்று அறிவுரை வருகிறது. சாந்தம் வேறு; வாய்மூடல் வேறு. இத்தகைய வேற்றுமை திருச்சபைக்குள் இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. மேலிடமே ஒப்புக்கொண்டதை எளியவன் எடுத்துரைத்தால் எப்படிக் குற்றமாகும்?

இதற்கு நம் மண்ணின் மைந்தர் ஒருவரே முன்மாதிரி. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910 ஜூன் மாதம் எடின்பரோவில் நடந்த உலக அருட்பணி மாநாட்டில் பேசினார். அவருக்கு அப்போது வயது 35. ஏறத்தாழ 1,200 பேராளர் கூடிய அவையில் ஆசிய நாட்டவர் மிகச் சிலரே. மேலைநாட்டு ஊழியரின் தியாகத்தை அவர் நன்றியோடு போற்றினார். அதே பேச்சில், இந்திய ஊழியரை அவர்கள் நண்பராக நடத்தவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். அவர் கேட்டது பொருளையன்று, நட்பை. சிலர் முகஞ்சுளித்தனர், ஆயினும் அம்மாநாட்டில் இன்றும் நினைக்கப்படும் பேச்சு அதுவே. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தோர்ணக்கலில் மாலா, மாதிகா மக்களிடையே 1945இல் மறையும் வரை பணியாற்றினார். நன்றியை மறைக்காமலும் குறையை மறைக்காமலும் பேசிய அந்த நாவே நமக்கு வேண்டும்.

இனி, நம் வீட்டுக்குள் உள்ள ஓர் உண்மையைப் பற்றியும் பேச வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் இடம்பெற்றனர், கிறித்தவர் இடம்பெறவில்லை. மதத்தோடு பிணைக்கும் இந்நிலை நீங்கவேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானோர் பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுகின்றனர். ஞாயிறன்று ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் உள்ளதை நாம் அறிவோம். தலைமையாசிரியன் என்னும் முறையில், பதிவேட்டில் உண்மையல்லாததை எழுதுமாறு நான் எவருக்கும் சொல்லேன். ஆனால் பிள்ளையின் உதவித்தொகைக்காகத் தவிக்கும் தாயைச் சபை நடுவே நிறுத்திப் பொய்யள் என்று ஏசுவதும் உண்மை பேசுதல் ஆகாது. அவளிடம் தனியே, பரிவோடு பேசுங்கள். அவளை அந்நிலைக்குத் தள்ளிய சட்டத்தைப் பற்றி அரசின் முன் உரக்கப் பேசுங்கள். எளியவனிடம் உரத்தும் வலியவனிடம் மெல்லவும் பேசும் நாக்கு, வேதத்தைத் தலைகீழாகப் படித்த நாக்கு.

இளைஞர்களே! பேசுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது விசாரித்து அறிந்ததா? சொல்லவேண்டிய ஆளிடம், சொல்லவேண்டிய இடத்தில் சொல்கிறேனா? அவன் திருந்தினால் மகிழ்வேனா, தோற்றால்தான் மகிழ்வேனா? மூன்றாம் வினாவுக்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். கிடைத்தபின் எவருக்கும் அஞ்சி வாயை மூடாதீர்கள்.

நம் கழகத்திலும் இதனைக் கடைப்பிடிப்போம். வரவுசெலவுக் கணக்கை வெளிப்படையாகக் கேட்போம். கேட்டவரைப் பகைவராகக் கருதோம். இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ந்த கழகம் பொன்விழாவும் காண இதுவே வழி.